ஹோட்டன் சமவெளி: ஈரப் பத்தனையும் அதன் பறவைகளும்

ஹோட்டன் சமவெளிக்குச் செல்பவர்களில் பெரும்பாலானோர் உலக முடிவு எனப்படும் செங்குத்தான பாறை விளிம்பைப் பார்ப்பதற்கென்றே செல்கின்றனர். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பின் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவந்து காட்சியை மூடிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே விடியும்போதே வாயிலில் வரிசையில் நின்று, உள்ளே நுழைந்ததும் ஒன்பது கிலோமீற்றர் அளவான சுற்றுப்பாதையில் வேகமாக நடந்து, ஏறத்தாழ 880 மீற்றர் கீழே இறங்கும் அந்தப் பாறை விளிம்பில் படமெடுத்துக்கொண்டு, பேக்கர் நீர்வீழ்ச்சியையும் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழமை. நடையின் தொடக்கமும் முடிவும் புல்வெளியின் ஊடாகவே அமைந்திருந்தும், போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு முன்னால் கிடக்கும் வெற்றுநிலமாகவே அது பலர் மனத்தில் பதிகிறது. இந்த நினைப்பு சுற்றுலாப் பயணிகளோடு தொடங்கியதன்று. வேட்டைக்கு வந்தவர்கள், தோட்டத் துரைமார், பயிர்ச்செய்கையை விரிவாக்க முனைந்த அரச அதிகாரிகள் எனக் கடந்த இரு நூற்றாண்டுகளில் இங்கு வந்த பலரும் இந்நிலம் சும்மா கிடப்பதாகவே கண்டனர். சும்மா கிடப்பதாகத் தோன்றும் அந்த ஈரப் புல்வெளி எவ்வாறு உருவாயிற்று, அங்கு எந்தப் பறவைகள் எந்த மூலையைப் பிடித்து வாழ்கின்றன, அது கெட்டுப்போனால் யாருக்கு நட்டம் என்பவை விளக்கப்பட வேண்டியவை.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 முதல் 2,300 மீற்றர் உயரத்தில், நுவரெலியா மாவட்டத்தின் தென் விளிம்பில் ஹோட்டன் சமவெளி அமைந்துள்ளது. இலங்கையின் இரண்டாவது உயரமான கிரிகல்பொத்த மலையும் (2,395 மீற்றர்), மூன்றாவது உயரமான தொட்டுபொல மலையும் (2,357 மீற்றர்) இதன் எல்லைக்குள்ளேயே நிற்கின்றன. சுற்றியிருந்த கிராமத்தவர்கள் மகா எலிய என்று அழைத்துவந்த இந்த இடத்துக்கு, 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த சேர் றொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயரைப் பிரித்தானியர் சூட்டினர். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர். 2010இல், சிவனொளிபாதமலைக் காட்டுப் பகுதியோடும் நக்கிள்ஸ் வனத்தோடும் சேர்த்து, இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. நிருவாகப் பொறுப்பு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துடையது.

மலைநாட்டுப் புல்வெளிகளைப் பத்தனை என்று சொல்வது நம்மிடையே பழகிய வழக்கு. ஆனால் எல்லாப் பத்தனையும் ஒன்றல்ல. வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் ரயிலில் போகும்போது தெரியும் ஊவாப் புல்மலைகள் வறண்ட பத்தனைகள். அங்கு மழை குறைவு, வெயில் காலத்தில் புல் வைக்கோல் நிறமாகி ஆண்டுதோறும் எங்காவது தீப்பிடிக்கும். அதே ரயில் பாதை பட்டிப்பொலவை நோக்கி ஏறும்போது நிலைமை மாறிவிடுகிறது. ஹோட்டன் சமவெளிக்குத் தென்மேற்குப் பருவக்காற்றும் மழை கொண்டுவருகிறது, வடகீழ்ப் பருவக்காற்றும் கொண்டுவருகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் பிற்பகல் மழை உண்டு. ஆண்டு மழைவீழ்ச்சி 2,000 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. மழை இல்லாத நாட்களிலும் மேகம் தரையோடு உரசிக்கொண்டு நகரும். சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவிலேயே இருப்பதால் விழுந்த நீர் மெதுவாகத்தான் ஆவியாகும்; செத்த புல்லும் வேரும் முழுதாக மக்கிப்போவதற்கு முன்பே அடுத்த அடுக்கு அதன்மேல் படிந்துவிடும். இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்ததுதான் ஈரப் பத்தனையின் கரிய, புளிப்புத் தன்மை கொண்ட மண். நடைபாதை ஓரத்தில் மழைநீர் அரித்துத் திறந்த இடங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: மேலே ஒரு சாண் அளவுக்குப் பின்னிக் கிடக்கும் வேர்ப்பாய், அதற்குக் கீழே கன்னங்கரேலென்ற மண். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால், ஊறிய தேயிலைச் சக்கையைப் பிழிந்ததுபோல் விரலிடுக்கில் பழுப்பு நீர் வடியும். தாழ்வான பள்ளங்களில் இது சில மீற்றர் ஆழத்துக்குக்கூட முற்றா நிலக்கரியாக, அதாவது பாதி மக்கிய தாவரப் படிவாகத் திரண்டிருக்கிறது. பார்வைக்குப் புல்வெளியாக இருந்தாலும், தொழிலில் இது ஒரு சதுப்பு நிலம்.

இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் ஏன் காடு முழுவதையும் மூடிக்கொள்ளவில்லை என்பது நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டுவரும் கேள்வி. எச். எச். டபிள்யூ. பியர்சன் என்ற தாவரவியலாளர் 1899இலேயே இலங்கைப் பத்தனைகளின் தாவரங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். காரணம் ஒன்று என்று சொல்ல முடியாது. நுவரெலியா மாவட்டத்தில் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒரு காரணம் நன்றாகவே தெரியும்: தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் விழும் துகள் உறைபனி. குளிர்ந்த காற்று பாரமானது. அது சரிவு வழியாக வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடியும்போது பள்ளத்திலிருக்கும் கொழுந்து கருகியும் மேட்டிலிருக்கும் கொழுந்து தப்பியும் நிற்பதற்கு அதுவே காரணம். ஹோட்டன் சமவெளியிலும் புல் பள்ளங்களிலும் காடு மேடுகளிலும் இருப்பதற்கு இந்த உறைபனி ஒரு பங்கு வகிக்கிறது; பள்ளத்தில் முளைக்கும் மரக்கன்று முதல் சில ஆண்டுகளைத் தாண்டுவது கடினம். நீர் தேங்கிய புளிப்பு மண் மர வேர்களுக்கு ஒத்துவராது என்பது இன்னொரு காரணம். தீ மூன்றாவது. மனிதன் நான்காவது, அதுவும் அண்மைக்கால மனிதன் மட்டுமல்லன்: இங்குள்ள முற்றா நிலக்கரிப் படிவுகளில் அடைபட்டிருக்கும் மகரந்தத் துகள்களை ஆராய்ந்த ஆய்வாளர்கள், 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில் காடும் புல்லும் காலநிலைக்கேற்ப மாறிமாறி முன்னேறியும் பின்வாங்கியும் வந்ததையும், கடைசிப் பனியுகத்தின் பிற்பகுதியிலேயே மனிதர்கள் தீயிட்டதற்கும் மேய்ச்சலுக்கு நிலத்தைப் பயன்படுத்தியதற்கும் தடயங்கள் தென்படுவதையும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆக, காட்டை அழித்ததால் நேற்று உண்டான புல்வெளி என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

பறவைகளைப் புரிந்துகொள்ள இந்த நில அமைப்பை மனத்தில் வைத்திருக்க வேண்டும். மேட்டுச் சரிவுகளில் கொத்துக்கொத்தாக வளரும் முரட்டுப் புல். அதன் நடுவே ஆங்காங்கே முறுக்கிய அடிமரத்துடன் தனித்து நிற்கும், சிவந்த பூங்கொத்துடைய றொடொடென்றன் மரங்கள், அதாவது காட்டுப்பூவரசு. ஓடைக் கரைகளிலும் சேற்றுப் பள்ளங்களிலும் அடர்ந்த குள்ள மூங்கில். அதற்கு அப்பால், குடை விரித்ததுபோன்ற தட்டையான தலைகளுடனும் பாசியும் இலைக்கனும் போர்த்த கிளைகளுடனும் நிற்கும் குட்டை மரங்களின் மேகக்காடு. கீன மரமும் நாவல் இனத்தைச் சேர்ந்த பல மரங்களும் அந்தக் காட்டில் மிகுதி. புல், மூங்கில், காடு ஆகிய மூன்றும் சில நிமிட நடையில் மாறிமாறி வருவதுதான் ஹோட்டன் சமவெளியின் தனித்தன்மை. ஒரே காடாகவோ ஒரே புல்லாகவோ இருந்திருந்தால் இங்குள்ள பறவைக் கூட்டம் பாதியாகியிருக்கும் என்று துணிந்து சொல்லலாம்.

புல்வெளியில் முதலில் கண்ணில் படுவது கருப்புவெள்ளைப் புதர்ச்சிட்டு. ஆண் முழுக்கக் கறுப்பு. இறக்கையில் ஒரு வெள்ளைக் கீற்று, இடுப்பில் வெள்ளை. பெண் மண்ணிறம், வாலடியில் துரு நிறம். இந்தியச் சமவெளிகளில் ஊர்ப்புறத்திலேயே காணக்கூடிய இப்பறவை, இலங்கையில் மலைநாட்டோடு நின்றுவிடுகிறது; யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இதைத் தேடிப் பயனில்லை. இதன் வேட்டை முறை பொறுமையான ஒன்று. புதரின் உச்சிக் குச்சியிலோ வேலிக் கம்பத்திலோ அமர்ந்து வாலை லேசாக அசைத்துக்கொண்டிருக்கும். புல்லுக்கிடையே ஒரு வெட்டுக்கிளி அசைந்தால் நேராக இறங்கிப் பிடித்து, பெரும்பாலும் புறப்பட்ட குச்சிக்கே மீளும். சுற்றுப்பாதையில் அரை மணி நேரம் ஓரிடத்தில் நின்றால், ஒரு சோடி தனக்கென வைத்திருக்கும் நிலத்தின் எல்லைகளை அது அமரும் குச்சிகளைக் கொண்டே வரைந்துவிடலாம். கூடு பாதையோர மண்மேட்டின் பொந்திலோ புல்கொத்தின் அடியிலோ இருக்கும், ஆகவே பாதையை விட்டு விலகி நடப்பவர்களின் காலடி இதற்கு மரை எனும் பெரிய மான் மிதிப்பதைவிட ஆபத்தானது.

வயல் நெட்டைக்காலி அமர்ந்து வேட்டையாடுவதில்லை, நடந்து வேட்டையாடும். மரைகள் மேய்ந்து குட்டையாக்கிய புல்லிலும் வீதியோரத்திலும் அது ஓடி ஓடிப் பூச்சி பொறுக்குவதைக் காணலாம். இதற்கு நேர்மாறாக, விசிறிவால் கதிர்க்குருவிக்கு உயர்ந்த புல்லே வேண்டும். கட்டைவிரல் அளவேயான இக்குருவி புல் இதழ்களைச் சிலந்தி நூலால் சேர்த்துப் பிணைத்து, மேலே வாய் வைத்த பை போன்ற கூட்டைத் தரைக்குச் சற்று மேலே அமைக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் புல்லுக்கு மேலே அலையலையாகப் பறந்து, ஒவ்வோர் அலையின் உச்சியிலும் ஒரு ‘சிட்’ ஒலி எழுப்பும். குருவி தெரியாவிட்டாலும் ஒலி தலைக்கு மேலே நகர்ந்துபோவது கேட்கும். புல்லின் உயரம் ஒரே சீராக இருக்கக்கூடாது என்பதற்கு இவ்விரு பறவைகளே போதிய சான்று. மேய்ந்த திட்டும் மேயாத திட்டும் அருகருகே இருந்தால்தான் இரண்டும் பிழைக்கும்.

புல் விதையை நம்பி வாழும் கருந்தொண்டைச் சில்லை, இலங்கையையும் தென்மேற்கு இந்திய மலைகளையும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளையும் தவிர வேறெங்கும் இல்லாதது. விஞ்ஞானப் பெயரில் இப்பறவை சுமக்கும் கெலார்ட் என்ற பெயர், 1819இல் இலங்கையில் பிறந்து மருத்துவராகப் பணியாற்றிய இயற்கையியலாளர் எட்வேர்ட் பிரெடெரிக் கெலார்ட்டுடையது. மேலே வானத்தில் மலைத் தகைவிலான்கள் பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளின் தாழ்வாரத்திலும் மதகுகளின் அடியிலும் மண் கூடு கட்டுபவை இவைதாம் என்பதால், மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இப்பறவை புதிதாக இருக்காது. கருந்தோள் பருந்து காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று புல்லுக்குள் எலியைத் தேடும். வலசைக் காலத்தில் பூனைப்பருந்துகள் புல்லை ஒட்டித் தாழப் பறந்து சுற்றும். ஐப்பசிக்குப் பின் சேற்றுப் பள்ளங்களில் ஊசிவால் உள்ளான்கள் வந்து இறங்கும். சைபீரியாவில் முட்டையிட்டு இங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் இவை, நீண்ட அலகை ஈர மண்ணுக்குள் முழுதாகச் செருகிப் புழுவைத் தொட்டறிந்து எடுப்பவை. மண் காய்ந்து இறுகினால் அலகு இறங்காது. அலகு இறங்காத நிலத்தில் உள்ளான் தங்காது.

இவ்விடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பட்டியலை மட்டும் வைத்து மதிப்பிட்டால் புல்வெளி காட்டிடம் தோற்றுவிடும். மேற்சொன்ன பறவைகளில் பெரும்பாலானவை ஆசியாவின் பிற பகுதிகளிலும் பரந்து வாழ்பவை. இலங்கைக்கே உரிய பறவையினங்கள் முப்பதைத் தாண்டும். அவற்றில் மலைநாட்டுக்கு மட்டும் உரியவை பெரும்பாலும் மேகக்காட்டின் பறவைகள். பறவை பார்க்க வரும் வெளிநாட்டவர் கையிலிருக்கும் பட்டியலில் மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி, மங்கல்நீல ஈப்பிடிப்பான், இலங்கை வெள்ளைக்கண்ணி, இலங்கைக் காட்டுப்புறா, இலங்கைப் புதர்க்கதிர்க்குருவி, இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி ஆகியவைதாம் முதலில் இருக்கும். புதர்ச்சிட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். இதனால் புல்வெளியைப் பாதுகாப்பதற்கான வாதத்தை உள்ளூருக்கே உரிய பறவைகளின் எண்ணிக்கையில் கட்டி எழுப்புவது பலவீனமான வேலை. வலுவான வாதம் வேறு இடத்தில் இருக்கிறது: அந்தக் காட்டுப் பறவைகளில் பல, காடும் புல்லும் சந்திக்கும் விளிம்பிலும், புல்வெளியிலிருந்து கசிந்து வரும் நீரிலும் தங்கியிருக்கின்றன.

விளிம்பில் நின்று பார்த்தால் இது புரியும். மங்கல்நீல ஈப்பிடிப்பான் காட்டின் உள்ளே ஆழத்தில் வாழ்வதைவிட, மரவரிசையின் வெளிக்கிளையில் அமர்ந்து திறந்தவெளிப் பூச்சிகளைப் பிடிப்பதையே விரும்புகிறது. மனிதரைக் கண்டு அவ்வளவாக அஞ்சாததால் வாகனத் தரிப்பிடத்தின் அருகிலேயே அதைக் காணலாம். வெள்ளைக்கண்ணிகள் சிறு கூட்டமாகக் காட்டுப்பூவரசின் பூக்களுக்கு வரும். கன்னத்தில் கறுப்பும் வெள்ளையும் காதருகே மஞ்சட் குஞ்சமுமாக இருக்கும் கொண்டைக்குருவி, விளிம்புப் புதர்களின் பழங்களைத் தின்று விதையை அடுத்த மரத்திட்டுக்குக் கொண்டுபோகிறது. புல்வெளியின் நடுவே தீவுபோல் நிற்கும் மரக்கூட்டங்களில் சில இத்தகைய பறவைகள் இட்ட விதையில் தொடங்கியவையாக இருக்கலாம். புதர்க்கதிர்க்குருவிக்கோ குள்ள மூங்கிலும் நெலுப் புதருமே வீடு. சோடியாகத் தரையோடு தரையாக ஊர்ந்து திரியும் இதைக் காண்பதற்கு முன், அதன் கூரிய சிற்றொலிதான் காதில் விழும். மூங்கில் அசையும், குருவி தெரியாது. அசைவு நின்ற இடத்துக்கு ஓரடி தள்ளி அதன் சிவந்த கண் எட்டிப்பார்த்து மறையும்.

சீழ்க்கைப் பூங்குருவி இவை எல்லாவற்றிலும் அரியது. அழிவுறும் ஆபத்திலுள்ள இனமாக உலகப் பட்டியலில் வகைப்படுத்தப்பட்டிருப்பது. வேகமாக ஓடும் குளிர்ந்த ஓடை, அதன்மேல் கவிந்த நிழல், ஈரப் பாறை ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அது வாழும். கருநீல உடலும் தோளில் ஒளிரும் நீலத் திட்டும் கொண்ட ஆண், விடியலுக்கு முன்னும் அந்தியிலும் சில நிமிடங்கள் ஓடைக்கரைக்கு வந்து, நீரின் இரைச்சலை ஊடறுக்கும் கூரிய சீழ்க்கையொன்றை எழுப்பும். பட்டிப்பொலவிலிருந்து வரும் வீதியோரத்திலுள்ள அரெங்கா குளத்தருகே பறவை ஆர்வலர்கள் இருட்டோடு வந்து காத்திருப்பது இதற்காகவே. பூச்சிகள், சிறு தவளைகள், பல்லிகள் இதன் உணவு. மழை நின்று வாரங்கள் ஆன பிறகும் ஓடை வற்றாமல் ஓடினால்தான் இந்த உணவுத்தொடர் அறாது. அப்படி ஓட வைப்பது மேலேயுள்ள கரிய மண். புல்வெளியில் ஒருபோதும் காலடி வைக்காத இப்பறவையும் அந்தப் புல்வெளியின் கணக்கில்தான் வாழ்கிறது.

நெலு என்று மலைநாட்டில் அழைக்கப்படும் செடிகள் நமது இலக்கியத்தின் குறிஞ்சிக்கு நெருங்கிய உறவு. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுவதும் ஒன்றாகப் பூத்து, விதைத்து, மடியும். பூக்கும் பருவத்தில் தேனீக்கள் வரும். விதைக்கும் பருவத்தில் இலங்கைக் காட்டுக்கோழிகள் தாழ்நிலங்களிலிருந்துகூட ஏறிவந்து கூட்டமாக மேயும். நெலு விதை தின்ற காட்டுக்கோழி மயங்கித் தள்ளாடும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வேட்டைக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். வேட்டைக்காரர் கதையை எவ்வளவு நம்புவது என்பது வாசகர் விருப்பம்.

ஐப்பசி முதல் பங்குனி வரையான வலசைக் காலத்தில் விருந்தாளிகள் பலர். காஷ்மீரத்திலும் அதை ஒட்டிய இமயமலைப் பகுதியிலும் கூடு கட்டும் காஷ்மீர் ஈப்பிடிப்பானின் மிகப் பெரும் பகுதி, குளிர்காலத்தை இலங்கை மலைநாட்டிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும்தான் கழிக்கிறது. ஹோட்டன் சமவெளியைவிட நுவரெலியா விக்டோரியா பூங்காவில் இதைக் காண்பது எளிது. இமயத்திலிருந்து வரும் கருப்புவெள்ளைப் பூங்குருவியும் அங்கே வருவதுண்டு.

நிலத்தின் வரலாறு இவ்வளவு நிதானமானதல்ல. 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களுடன் இங்கு மரை வேட்டையாடியவர். நீர்வீழ்ச்சி அவருடைய பெயரையே தாங்குகிறது. இந்தப் பீடபூமியில் ஒருகாலத்தில் யானைகளும் இருந்தன; இன்று இல்லை. இன்று பார்வையாளர் மையமாக இருக்கும் ஃபார் இன் கட்டடமும் வேட்டைக்கு வந்த துரைமாரின் தங்குமிடமாகவே தொடங்கியது. 1869இல் கோப்பியைத் தாக்கிய இலைநோய் பெருந்தோட்டங்களைத் தேயிலையின் பக்கம் திருப்பியபோது, கோப்பி ஏறமுடியாத உயரத்துக்கும் தேயிலை ஏறக்கூடும் என்பதால் மலையுச்சிக் காடுகளுக்கு உண்மையான ஆபத்து வந்தது. 1873இல், கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோசப் டால்டன் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாமல் விடவேண்டும் என்று அறிவுரை கூறியதும், அதையொட்டிக் காடழிப்புக்கு விதிக்கப்பட்ட தடையும் இல்லாதிருந்தால், டயகமவின் தேயிலை மலை இன்று உலக முடிவு வரை நீண்டிருக்கும்.

அந்த அறிவுரை காட்டை நினைத்துச் சொல்லப்பட்டது. புல்வெளிக்கு அத்தகைய வழக்கறிஞர் கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துரைமாரின் தூண்டில் பொழுதுபோக்குக்காக ஓடைகளில் ட்ரௌட் மீன் விடப்பட்டது. இந்த ஓடைகளுக்கே உரிய சிறு இறால் ஒன்றும், அதோடு வாழும் நீர்ப்பூச்சிகளும் அதன் வாயில் விழத் தொடங்கின. சுதந்திரத்துக்குப் பின், 1960களில், சமவெளியின் ஒரு பகுதி உருளைக்கிழங்குச் செய்கைக்கு உழப்பட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த வேர்ப்பாயை ஏர் ஒரே பருவத்தில் புரட்டிவிட்டது; பயிர்ச்செய்கை கைவிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியும் அவ்விடங்களில் பழைய புல் முழுதாகத் திரும்பவில்லை, வெளிநாட்டுப் புல்லும் களையுமே முந்திக்கொண்டன. அம்பேவெலப் பக்கத்துப் பத்தனைகள் பாற்பண்ணைகளின் மேய்ச்சல் நிலமாயின.

இன்றைய தொல்லைகளில் முதலாவது, ஐரோப்பாவிலிருந்து வந்த யூலெக்ஸ் எனும் மஞ்சட் பூ முட்புதர். அதன் விதை மண்ணில் நெடுங்காலம் உயிரோடு கிடக்கும், எரித்தால் இன்னும் செழித்து முளைக்கும், உலர்ந்த தண்டு எண்ணெய்த் தன்மையால் தீயைப் பரப்பும். திணைக்களமும் தொண்டர்களும் சேர்ந்து வேரோடு பிடுங்கும் பணி பல காலமாக நடந்துவருகிறது. அதேவேளை, புதர்ச்சிட்டு இந்த முட்செடியின் உச்சியை விருப்பத்தோடு அமர்விடமாகக் கொள்கிறது என்பதால், படத்தில் அழகாக விழும் குருவியைப் பார்த்து நிலத்தின் நலத்தை எடைபோட்டுவிடக் கூடாது. தீப்பட்ட இடங்களில் பன்னம் பாய்விரித்துக்கொள்கிறது. காட்டுக்குள்ளோ, தொட்டுபொல மலைப் பக்கத்தில் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து திட்டுத்திட்டாகச் சாவது 1970களின் பிற்பகுதியிலிருந்து கவனிக்கப்பட்டுவருகிறது. வறட்சி, மண்ணின் ஊட்டக் குறைவு, காற்றில் வரும் மாசு எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டும், ஒன்றே காரணம் என்று முடிவு எட்டப்படவில்லை.

பார்வையாளர்கள் கொண்டுவருவது வேறு வகைச் சிக்கல். வாயிலில் ஊழியர்கள் பைகளைத் திறந்து, பிஸ்கட் பொதியின் உறையைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பதையும், தண்ணீர்ப் போத்தலின் பொலித்தீன் பட்டியைக் கிழித்து வாங்கிக்கொள்வதையும் பலர் தொந்தரவாக நினைக்கின்றனர். உப்பு ருசிக்காக மரை அந்த உறையைத் தின்றுவிடும் என்பது ஒரு காரணம். மற்றொன்று அண்டங்காக்கை. மனிதர் சிந்தும் சோற்றை நம்பி மேலே வரும் காகங்கள், சோறு கிடைக்காத வேளையில் கூடுகளையும் மலைநாட்டுக்கே உரிய பல்லிகளையும் வேட்டையாடுகின்றன. தரையில் கூடு வைக்கும் நெட்டைக்காலிக்கும் புதர்ச்சிட்டுக்கும் சிறுத்தையைவிட இந்தக் காகமே பெரிய பகை.

கீழேயுள்ள தோட்டங்களுக்கு இதிலெல்லாம் என்ன பங்கு என்று கேட்டால், பதில் நீரில் இருக்கிறது. ஹோட்டன் சமவெளியும் அதைத் தொட்டிருக்கும் மலைகளும் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளின் நீரூற்றுகள். அக்ரா ஓயா அக்கரப்பத்தனை வழியாக இறங்கி, கொத்மலை ஓயாவாகித் தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தை அடைகிறது. பொகவந்தலாவைப் பக்கம் இறங்கும் நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. பெலிஹுல் ஓயா தென்புறமாக விழுந்து வளவையோடு சேரும் இடத்தில் சமனலவெவ நீர்த்தேக்கம். மாசி, பங்குனி மாதங்களில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயனின் குழாயில் தண்ணீர் நூலாக மெலியும்போது, கொஞ்சமாவது வருகிறதென்றால் அது மழை நீரல்ல. மாதக்கணக்கில் முன்பு பெய்து, பத்தனை மண்ணிலும் மேகக்காட்டின் பாசியிலும் தங்கி, சொட்டுச் சொட்டாக விடுபடும் நீர்.

இதனால்தான், வெறும் புல்மலை கண்ட இடமெல்லாம் மரம் நடவேண்டும் என்ற நல்லெண்ணத்தை இந்த உயரத்தில் சந்தேகத்தோடு அணுக வேண்டியிருக்கிறது. பைனஸும் யூக்கலிப்டஸும் மலைநாட்டின் பல பத்தனைகளில் நடப்பட்டிருக்கின்றன. அவற்றின் கீழே புதர்ச்சிட்டும் இல்லை, கதிர்க்குருவியும் இல்லை, மேகக்காட்டுப் பறவைகளும் வரவில்லை. பூங்காவின் எல்லைக்குள் அந்த ஆபத்து இப்போது இல்லை. எல்லைக்கு வெளியே நிலைமை வேறு. எல்க் சமவெளி, நுவரெலியாவுக்கு அருகிலுள்ள சந்திர சமவெளி, பொப்பத்தலாவ ஆகிய இடங்களில் எஞ்சியிருக்கும் ஈரப் புல்நிலங்கள் மரக்கறித் தோட்டத்துக்கும் பண்ணைக்கும் கட்டடத்துக்கும் இடையே துண்டுதுண்டாகக் கிடக்கின்றன. லீக்ஸ் பாத்தியின் வரப்பில் நட்ட தடியில் புதர்ச்சிட்டு இன்றும் வந்து அமர்கிறது. அமர்விடமும் பூச்சியும் இருந்தால் அதற்குப் போதும், பூச்சிகொல்லி தெளித்த பாத்தியில் பூச்சி எவ்வளவு நாள் இருக்கும் என்பதுதான் கேள்வி. உயர்ந்த புல் வேண்டும் கதிர்க்குருவிக்கும் ஈரச்சேறு வேண்டும் உள்ளானுக்கும் பாத்தி எந்த வகையிலும் உதவாது. அந்தத் துண்டுகளில் எவை இன்னும் உழப்படாத கரிய மண்ணோடு இருக்கின்றன என்று பிரதேச சபை மட்டத்திலேயே ஒரு கணக்கெடுப்புச் செய்து, நீரேந்து பிரதேசமாகப் பதிவு செய்வது, புதிய பூங்கா ஒன்றை அறிவிப்பதைவிடச் செலவு குறைந்த, உடனடியாகச் செய்யக்கூடிய வேலை.